ஊரடங்குல பென்ஷன்காரங்க வீட்டுச் செலவு: உங்க வீட்ல எது குறைஞ்சது, எது கூடுச்சு?

வைகைக்கரை (மதுரை), 2020 செப்டம்பர் 20

எல்லாருக்கும் வணக்கம். கோயில் திறந்தாச்சு, வெளியூர் பஸ்ஸும் ஓட ஆரம்பிச்சாச்சு. இனிமே கை பழையபடி தாராளமாயிடும். அதுக்கு முன்னாடி ஒரு கணக்குப் பார்த்துடலாம்னு நோட்டை எடுத்தேன். நான் பொதுப்பணித் துறையில இருந்து ஓய்வு, வீட்டுக்காரம்மா மாநகராட்சிப் பள்ளியில இருந்து. பிள்ளைங்க ரெண்டு பேரும் வெளியூர்ல. வீட்ல நாங்க ரெண்டே பேர்.

பிப்ரவரி பக்கத்தையும் ஆகஸ்ட் பக்கத்தையும் ஒண்ணா வச்சுப் பார்த்தேன். பெட்ரோல், ஆட்டோ, பஸ் 1,800 ஆச்சு, இப்ப 300. ஹோட்டல், வெளி டிபன், சாயங்காலக் காபி எல்லாம் சேர்த்து 2,600, இப்ப பைசா கிடையாது. மொய் பிப்ரவரியில 9,000 (தையும் மாசியும் முகூர்த்தம், கேக்கவா வேணும்), ஆகஸ்டுல 1,000. வேலைக்கு வர்ற அம்மாவுக்கு 2,500, அயர்ன்காரருக்கு 400, ரெண்டு பேப்பர் ஒரு வாரப் பத்திரிகைக்கு 550, இது மூணும் நிறுத்தியாச்சு.

கூடுனதுன்னா மளிகை, காய்கறி 7,000-ல இருந்து 9,500. மருந்து 3,200-ல இருந்து 4,100, கபசுரக் குடிநீர்ப் பொடி, சானிடைசர், மாஸ்க் எல்லாம் இதுல அடக்கம். போன், நெட் 400 இருந்தது 1,150.

கூட்டிக் கழிச்சா மாசம் 11,400 மிச்சம். அகவிலைப்படியை 17 சதவீதத்தோட நிறுத்தி வச்சும் இவ்வளவு நிக்குது. அப்ப இத்தனை வருஷமா எதுக்குச் செலவு பண்ணிக்கிட்டு இருந்தோம்னு தோணுது.

பொழுதுபோக்குக் கதை வேற. தெப்பக்குளத்தைச் சுத்தி நடந்துட்டு, படிக்கட்டுல உக்காந்து ஊர்க்கதை பேசுற கூட்டம் எங்களது. அது மார்ச்சோட போச்சு. இப்ப மொட்டை மாடியில எட்டு போட்டு நடக்கிறேன். கருவூலத்துக்குப் போய் உயிரோட இருக்கோம்னு காட்டுற நேர்காணலுக்கும் இந்த வருஷம் விலக்கு கொடுத்துட்டாங்க. நல்லதுதான். ஆனா அந்த வரிசையிலதான் பழைய ஆபீஸ் ஆளுகளை வருஷத்துக்கு ஒரு தடவை பாக்கிறது. யாரு இருக்காங்க, யாரு போயிட்டாங்கன்னே இப்ப தெரியலை.

உங்க வீட்டுக் கணக்கையும் போடுங்க.

அடையாறுவாசி (சென்னை), 2020 செப்டம்பர் 20

செலவுப் பக்கம் மட்டும் எழுதியிருக்கிறீர்கள், வரவுப் பக்கத்தைக் காணோம். ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை (வங்கிகளுக்கு அது கொடுக்கும் கடனுக்கான வட்டி) மார்ச் 27-இல் 4.40 ஆகவும், மே 22-இல் 4 ஆகவும் இறக்கியது. வீட்டுக்கடன் வாங்கியவனுக்கு அது நல்ல செய்தி. வட்டியில் வாழும் நமக்கு? மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் ஏப்ரல் 1 முதல் 8.6-இலிருந்து 7.4 ஆகிவிட்டது. 15 லட்சம் போட்டால் முன்பு காலாண்டுக்கு 32,250 வரும், இப்போது போடுபவருக்கு 27,750.

நான் வங்கியில் இருந்தவன் என்பதால் தினமும் யாராவது போன் செய்து "என் வட்டியைக் குறைச்சுட்டாங்களா?" என்று கேட்கிறார்கள். பயப்பட வேண்டாம். முன்பே போட்ட கணக்குக்கு, போட்ட அன்றைய விகிதம்தான் ஐந்து வருடத்துக்கும். முதிர்ந்து, மூன்று வருட நீட்டிப்புக்குப் போகும்போதுதான் அன்றைக்கு இருக்கும் விகிதம். என் தங்கை வீட்டுக்காரருக்கு இந்த மே மாதம் முதிர்ந்தது. அடி அவருக்குத்தான். ஸ்டேட் வங்கி மூத்த குடிமக்களுக்கென்று மே மாதத்தில் கொண்டுவந்த வீகேர் வைப்பைப் பார்த்தார். எல்லாம் சேர்த்தும் 6.20. தபால் ஆபீசிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

கொங்குத்தோட்டம் (கோவை), 2020 செப்டம்பர் 21

நம்மூர்ல மளிகைச் செலவு கூடுனதுக்குக் காரணமே பயமுங்க. ஏப்ரல் 26-ல இருந்து நாலு நாள் முழு அடைப்புன்னு சொன்னாங்களே, சென்னை, மதுரை, கோவை மூணுக்கும். 25-ந் தேதி கடைத்தெருவுல நின்ன கூட்டத்தைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். அன்னிக்கு வாங்குன துவரம்பருப்பு இன்னும் எங்க வீட்ல இருக்குதுங்க. இப்பக் கடை திறந்தே இருந்தாலும், இருப்பு ரெண்டு கிலோவுக்குக் கீழ போனா அம்மணிக்குத் தூக்கம் வர்றதில்லை.

மாடித்தோட்டம் போட்டிருக்கோமுங்க. கீரைக்கு ஆகுற காசு மிச்சம்னு நான் சொல்ல, தேங்காநார்க் கழிவு, மண்புழு உரம், பை வாங்குன பில்லை அம்மணி எடுத்துக் காட்டுச்சு. பேச்சை மாத்திட்டனுங்க.

கணக்கு டீச்சர் (திருச்சி), 2020 செப்டம்பர் 21

வைகைக்கரை சார், முப்பத்தஞ்சு வருஷம் கணக்கு நோட்டுத் திருத்தின கை. சும்மா இருக்க மாட்டேங்குது. உங்க கூட்டல் சரி. விடைக்குப் பக்கத்துல 'மிச்சம்'னு எழுதினதுதான் தப்பு.

குறைஞ்சது மொத்தம் 15,550. அதுல 8,000 மொய். மதுரைக்காரர் நீங்க, நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மொய் நோட்டுல உங்க பேருக்கு நேரா ஏற்கெனவே வாங்கினது இருக்கு. அம்பது பேருக்கு மேல கல்யாணத்துக்குக் கூடாதுன்னு அரசு சொன்னதால உங்களைக் கூப்பிடலை. கடன் தள்ளிப் போயிருக்கு, தள்ளுபடி ஆகலை.

அடுத்து 3,450. வேலைக்கு வர்ற அம்மா, அயர்ன்காரர், பேப்பர் போடுற பையன். இது அவங்க வீட்டு வரவு. உங்க பென்ஷன் ஒண்ணாந் தேதி ஒரு ரூபாய் குறையாம வந்துச்சு. அவங்களுக்கு மார்ச் 25-லேர்ந்து என்ன வந்துச்சு?

அடுத்து ஹோட்டல் 2,600. அந்த இட்லி, பூரி, சாயங்கால வடை, காபி எல்லாம் நீங்க சாப்பிடாம விட்டுட்டீங்களா? வீட்ல ஒருத்தங்க செய்யறாங்க. வேலைக்கு ஆளை நிறுத்தினதால பாத்திரமும் அவங்கதான் தேய்க்கறாங்க. அவங்களும் உங்களை மாதிரி ஓய்வு பெற்றவங்கதானே?

பாக்கி நிக்கறது போக்குவரத்து 1,500. கூடின செலவு 4,150. ஆக, ஊரடங்குல உங்களுக்கு உண்மையில 2,650 துண்டு விழுந்திருக்கு சார்.

அடையாறுவாசி (சென்னை), 2020 செப்டம்பர் 21

டீச்சர், தணிக்கைக்கு வந்தவர் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். ஒரு வரியை மட்டும் ஏற்கமாட்டேன். மொய் கடன் என்றால், அதைக் கட்டும் வரை அந்தப் பணம் இவரிடம்தான் இருக்கும். வட்டி இவருக்கு. 6.20 தான் என்றாலும்.

வைகைக்கரை (மதுரை), 2020 செப்டம்பர் 21

டீச்சர், மார்க் போடுறதுக்கு முன்னாடி நம்ம பக்கத்தையும் கேளுங்க. வேலைக்கார அம்மாவை நாங்களா நிறுத்தலை. ஜூன் 24-ல இருந்து ஜூலை நடு வரைக்கும் மதுரையில திரும்பக் கடுமையான ஊரடங்கு. எங்க தெருவுல தகரம் வச்சு அடைச்சுட்டாங்க. எனக்குச் சர்க்கரை, வீட்ல ரத்தக்கொதிப்பு. மகன் போன்ல "யாரையும் உள்ள விடாதீங்க"ன்னு சத்தம் போடுறான். ஏப்ரல், மே ரெண்டு மாசமும் முழுச் சம்பளம் கொடுத்தோம். அதுக்கப்புறம் அரிசி, பருப்பு. பேப்பர் பையன் அவனாவே நின்னுட்டான். பேப்பர்ல கிருமி ஒட்டிக்கிட்டு வரும்னு வாட்ஸ்அப்ல ஒரு சேதி சுத்துச்சு, தெருவுல பாதி வீடு நிறுத்துனதும் அவனுக்குக் கட்டுபடி ஆகலை.

சமையல் விஷயத்துக்கு வீட்லயே பதில் எழுதுவாங்களாம். போன் கைமாறுது.

நெல்லைச்சீமை (பாளையங்கோட்டை), 2020 செப்டம்பர் 22

அண்ணாச்சி, போனைக் குடுத்துட்டியளா? சோலி முடிஞ்சுது.

மொய்க்கு நான் சொல்லுதேன் கேளுங்க. ஆவணியில எங்க ஒண்ணுவிட்ட மச்சினன் மவளுக்குக் கலியாணம். பத்திரிகை வாட்ஸ்அப்ல வந்துச்சு. அடியில ரெண்டு வரி: 'தங்கள் இல்லத்திலிருந்தே ஆசி வழங்குக'. அதுக்கும் கீழ கூகுள் பே நம்பர். சாப்பாடு இல்ல, தாம்பூலப் பை இல்ல, மொய்யி மட்டும் உண்டு. என் வீட்டுக்காரிக்கு அதுலயும் ஒரு மனத்தாங்கல். ஆயிரம் அனுப்பினா அவங்களுக்குச் சாப்பாட்டுச் செலவே இல்லையே, ஐநூறு போதாதாங்கா. அரைநாள் இதே பஞ்சாயத்து. கடைசில ஆயிரத்தொண்ணுதான் போச்சு.

வைகைக்கரை (மதுரை), 2020 செப்டம்பர் 22

அவர் ஐடியில இருந்து நான் எழுதுறேன், வீட்டுக்காரம்மா.

டீச்சர் சொன்னதுல பாதி சரி. ஏப்ரல்ல ஆரம்பிச்சு மூணு வேளையும் அடுப்படி. பாத்திரம் தேய்க்கிற சோப்பு ஒத்துக்காம விரல் இடுக்கெல்லாம் தோல் உரிஞ்சு போச்சு. இவருக்கு நேரம் போகலைன்னா "சாயங்காலத்துக்கு எதாவது செய்யேன்"னு ஒரு வார்த்தை. ரிட்டயர் ஆகி வீட்ல உக்காந்தவருக்கு நாலு மணிக்குப் பசிக்கும்னு எனக்கு அதுவரைக்கும் தெரியாது. வேலையில இருந்தப்ப அவர் பசி கேண்டீன் பொறுப்புல இருந்துச்சு, அப்புறம் தெப்பக்குளத்துக் கடைப் பொறுப்புல இருந்துச்சு. இப்ப இவர் காபி போடுறாரு, காய் நறுக்குறாரு. நறுக்குன பிறகு அருவாமனையைக் கழுவி வைக்கணும்ங்கிற பாடம் இன்னும் நடக்குது.

மறுபாதியையும் சொல்லணும். எனக்கு இந்த ஆறு மாசம் நிம்மதியாவும் இருந்துச்சு. முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் பட்டுச்சேலை கட்டி, ஒரே நாள்ல மூணு மண்டபம் ஏறி இறங்க வேண்டியதில்லை. துட்டி வீட்டுக்குப் போகலைன்னு யாரும் கோவிக்கலை. எங்க அக்கா தங்கச்சி நாலு பேர் நாலு ஊர்ல இருக்கோம். ராத்திரி ஒன்பது மணிக்கு வீடியோ கால்ல நாலு மூஞ்சியும் சேர்ந்து தெரியும். அம்மா போன பிறகு நாங்க இவ்வளவு பேசினது கிடையாது. அவர் எழுதின அந்த 1,150 நெட் செலவுல பெரும்பங்கு என்னோடது. அதைக் குறைக்கிற யோசனை இல்லை.

சித்திரைத் திருவிழாதான் தாங்கலை. மே 4 காலையில மீனாட்சி கல்யாணத்தை போன்ல பார்த்தோம். மேசையில டம்ளர் மேல போனைச் சாய்ச்சு வச்சு, மஞ்சள்கயிறு, குங்குமம், பூ எல்லாம் தட்டுல எடுத்து வச்சிருந்தேன். தாலி கட்டுற நேரம் பார்த்து படம் நின்னு சுத்த ஆரம்பிச்சிருச்சு. பக்கத்து வீட்டு டிவியில மேளச் சத்தம் கேட்டுச்சு. அந்தச் சத்தத்தை வச்சுக் கயிறு மாத்திக்கிட்டேன். அழகர் ஆத்துல இறங்காத வருஷத்தை என் வயசுக்கு நான் பார்த்ததில்லை.

வேலைக்கு வர்றவங்களை அடுத்த ஒண்ணாந் தேதியில இருந்து வரச் சொல்லிட்டேன். வாசல், பின்கட்டு, பாத்திரம் மட்டும். சம்பளம் பழைய 2,500. இவர் நோட்டுல எழுதிக்கட்டும்.

பெங்களூர் மகள், 2020 செப்டம்பர் 23

நான் பென்ஷன்காரி இல்லை, அப்பா அம்மா கும்பகோணத்தில் இருக்கிறார்கள். வெளியூர் போக அப்போது வேண்டியிருந்த இ-பாஸ் அனுமதி கிடைக்காமல் ஆகஸ்ட் வரைக்கும் போக முடியவில்லை. அதனால் மருந்து, அரிசி, மிக்சி ஜார் வரை இங்கிருந்தே ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். ஊரடங்கில் செலவு குறைந்துவிட்டது என்று அப்பாவும் சொல்கிறார். குறைந்ததில் பாதி என் கார்டில் ஏறியிருப்பது அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

எனக்குப் பயம் வேறு ஒன்று. அறுபத்தெட்டு வயதில் அப்பா முதல் முறையாக போனில் பணம் அனுப்பக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்ட அதே மாதம் 'உங்கள் கேஒய்சி முடிந்துவிட்டது, ஓடிபி சொல்லுங்கள்' என்று ஒருவன் பேசியிருக்கிறான். நல்லவேளை, அப்பா கண்ணாடி எடுத்துவரப் போன நேரத்தில் அம்மா போனை வாங்கி வைத்துவிட்டாள். பெரியவர்களுக்குச் செயலியை இறக்கிக் கொடுக்கும் பிள்ளைகள், பென்ஷன் வரும் கணக்கை அதோடு இணைக்காதீர்கள். சின்னத் தொகை போட்ட தனிக் கணக்கு ஒன்று போதும்.

இன்னொன்று. கண்புரை அறுவை சிகிச்சையை அம்மா மார்ச்சிலிருந்து தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறாள். டீச்சர் கணக்குப்படி அதுவும் மிச்சத்தில்தான் வரும், இல்லையா?

கணக்கு டீச்சர் (திருச்சி), 2020 செப்டம்பர் 23

வராதும்மா. முதல்ல டாக்டருக்குப் போன் போடு.

கொங்குத்தோட்டம் (கோவை), 2021 ஜூன் 12

பழைய இழையைத் தூக்கி மேல கொண்டாறனுங்க. போன தடவை சிரிச்சுப் பேசினோம். இந்த ரெண்டாம் அலையில சிரிக்க ஆள் குறைஞ்சு போச்சு. மே 24-ல இருந்து மளிகைக் கடைகூட இல்லை, தோட்டக்கலைத் துறை வண்டிதான் காய் கொண்டாந்துச்சு. காய் நல்லாவே இருந்துச்சுங்க, விலையும் பரவால்லை. ஆனா வண்டிச் சத்தம் கேட்டு வெளிய வர்ற வீடு எங்க வீதியில ரெண்டு குறைஞ்சுபோச்சு.

செலவெல்லாம் இப்ப ஒரே பக்கம்தானுங்க. ஆக்சிமீட்டர், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, அட்மிஷன் அட்வான்ஸ். கொரோனா கவச்னு ஒரு பாலிசி போன வருஷம் வந்துச்சே, அதுல 65 வயசுக்கு மேல சேர முடியாது. எனக்கு 67. யாருக்கு ரொம்ப வேணுமோ அவங்களுக்குக் கதவைச் சாத்திட்டு என்னங்க பாலிசி?

அடையாறுவாசி (சென்னை), 2021 ஜூன் 12

மனது கஷ்டமாக இருக்கிறது. உங்கள் உடம்பு எப்படி? இரண்டாவது ஊசி போட்டாயிற்றா? மார்ச் 1-இல் அறுபது தாண்டியவர்களுக்குத் திறந்ததும் நானும் மனைவியும் தனியார் மருத்துவமனையில் ஆளுக்கு 250 கொடுத்து முதல் ஊசி போட்டுக்கொண்டோம். இந்த ஒன்றரை வருடத்தில் யோசிக்காமல் செய்த செலவு அது ஒன்றுதான்.

வட்டிக் கதை கேட்டிருப்பீர்கள். மார்ச் 31 ராத்திரி மூத்த குடிமக்கள் திட்டத்தை 6.5 ஆக்கினார்கள், மறுநாள் காலை கவனக்குறைவால் வந்த உத்தரவு என்று வாபஸ். மறுநாள் ஏப்ரல் 1 வேறு. அந்த ஒரு ராத்திரி நான் தூங்கவில்லை. இத்தனைக்கும் என் கணக்கு முதிர இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, விகிதம் மாறாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவன்.

வைகைக்கரை (மதுரை), 2021 ஜூன் 13

எங்க தெப்பக்குளக் கூட்டத்துல ரெண்டு பேர் இல்லை. ஒருத்தர் ஆஸ்பத்திரியில, ஒருத்தர் வீட்லயே. எரிக்கிற இடத்துக்குப் போக முடியலை. வாட்ஸ்அப் குரூப்ல அவர் நம்பரை யாரும் எடுக்கலை, இன்னும் இருக்கு.

பென்ஷன்ல மாசம் 350 பிடிக்கிற மருத்துவக் காப்பீட்டு அட்டையை எடுத்து ரெண்டு பேரும் முதல் தடவையா முழுசாப் படிச்சோம். எந்த ஆஸ்பத்திரி பட்டியல்ல இருக்குங்கிறதை எழுதி பிரிட்ஜ் கதவுல ஒட்டியாச்சு. எல்லாரும் ஒட்டுங்க. ராத்திரி ரெண்டு மணிக்குத் தேட முடியாது. போன வருஷம் நின்ன பணத்துல ஒரு லட்சத்தைக் கையெட்டுற சேமிப்புக் கணக்குலயே போட்டு வச்சிருக்கோம், வட்டி கம்மின்னாலும். வீட்ல அதுக்கு 'ஆம்புலன்ஸ் காசு'ன்னு பேரு.

வேலைக்கு வர்ற அம்மாவுக்கு இந்தத் தடவை மாசச் சம்பளத்தை நிறுத்தலை. டீச்சர் கேக்கிறதுக்கு முன்னாடி சொல்லிட்டேன்.

நெல்லைச்சீமை (பாளையங்கோட்டை), 2022 பிப்ரவரி 6

எல்லாரும் சௌரியமா? அகவிலைப்படி ஜனவரியில இருந்து 31 ஆயிட்டு. 17-லயே கெடந்த காலத்துக்கு நிலுவை கிடையாதாம். போட்டும். பேங்க்காரவுகளுக்கு மட்டும் ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஏறிக்கிட்டே இருந்துச்சு, அடையாறு சாருக்கு வயிறு நெறஞ்சிருக்கும்.

நான் வந்தது வேற சோலியா. தையில மொய் மூட்டையை அவுத்து விட்டுட்டானுவ. ரெண்டு வருசம் தள்ளிப் போட்ட கலியாணம், வீடு பால்காய்ச்சு, காதுகுத்து எல்லாம் ஒரே மாசம். டீச்சர் அன்னிக்கே சொன்னாவ, கடன் தள்ளிப் போயிருக்குன்னு. ஜனவரி பென்ஷன்ல பாதி கவர்ல போயிட்டு.

வைகைக்கரை (மதுரை), 2022 பிப்ரவரி 6

இங்கயும் அதே கதைதான் அண்ணாச்சி. ஆனா ரெண்டு விஷயம் பழையபடி ஆகலை. ஒண்ணு, வெளியில சாப்பிடுறது. ஹோட்டல் திறந்து எவ்வளவோ நாளாச்சு, போகத் தோணலை. அதுக்குப் பதிலா காலை டிபன் மட்டும் பக்கத்துத் தெருவுல வீட்ல செஞ்சு விக்கிற ஒரு அம்மாகிட்ட வாங்குறோம், மாசம் 2,400. இது வீட்டுக்காரம்மா போட்ட உத்தரவு. காலை ஏழுல இருந்து ஒன்பது வரைக்கும் அடுப்படி மூடியிருக்கும். அந்த நேரத்துல அவங்க தெப்பக்குளத்துக்கு நடக்க வர்றாங்க, நான் போற திசைக்கு எதிர்த்திசையில. பேச்சுக்கு ஆள் தனித்தனி.

இன்னொண்ணு பேப்பர். ரெண்டுக்குப் பதிலா ஒண்ணு வாங்குறோம், மீதியை போன்லயே படிச்சுக்கிறேன். பழைய பையன் இப்ப சாப்பாடு டெலிவரி பண்றான், பேப்பர் போடுறது அவன் தம்பி.

சித்திரைக்குள்ள ஒரு தடவை காசி போயிட்டு வரலாம்னு ரயில் டிக்கெட் பார்த்தேன். மூத்த குடிமக்கள் சலுகை வரவே இல்லை. முன்னாடி எனக்கு 40, வீட்ல 50 சதவீதம் தள்ளுபடி ஆகும். இப்ப ரெண்டு பேருக்கும் முழு டிக்கெட்டு. நிறுத்தினது 2020 மார்ச் 20-ல, கிருமிக்குப் பயந்து பெரியவங்க பயணம் போகாம இருக்கட்டும்னு. கிருமி இறங்கிருச்சு, கட்டணம் இறங்கலை. யாருக்காவது வழி தெரியுமா?

அடையாறுவாசி (சென்னை), 2022 பிப்ரவரி 7

கட்டணத்துக்கு வழி இல்லை. சலுகைதான் போயிற்று, கீழ் பெர்த் ஒதுக்கீடு இருக்கிறது. ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 45 வயது. ஒரே டிக்கெட்டில் இரண்டு பேருக்கு மேல் சேர்க்காதீர்கள், சேர்த்தால் அந்த ஒதுக்கீடு கிடைக்காது. மகனைப் போடச் சொல்வதென்றால் பொது ஒதுக்கீட்டில் போட்டுவிடப் போகிறான், பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

கணக்கு டீச்சர் (திருச்சி), 2022 பிப்ரவரி 7

காசிக்கு நானும் என் வீட்டுக்காரரும் வர்றோம். ரெண்டு ரெண்டு பேரா தனித்தனி டிக்கெட் போடலாம். தேதி மட்டும் சொல்லுங்க. வழிச்செலவு நோட்டு என்கிட்ட இருக்கும்.